கல்யாண கேசட்டை மாற்றும் யூஎஸ்பி டாங்கிள்: படம் தேறிவிடும், சத்தத்தோடுதான் மல்லுக்கட்டு

மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று ஒரு பக்கம் மூன்று பின், மறுபக்கம் யூஎஸ்பி. கும்பகோணத்திலோ திருவாரூரிலோ பரணில் கிடக்கும் விஎச்எஸ் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டாங்கிள் இது. வீட்டில் நாலைந்து கேசட் இருந்தால் வாங்கலாம். காசு வாங்கிக்கொண்டு மாற்றித் தரும் ஸ்டுடியோவுக்குப் பரிந்துரைக்க மாட்டோம்.

கூடு ஒன்றே போலிருக்கும், உள்ளே சிப் மாறும். எஸ்டிகே1160, யுடிவி007 இரண்டும் அடிக்கடி தென்படுபவை. லினக்ஸ் கர்னலில் இரண்டுக்குமே டிரைவர் உண்டு. படத்துக்கு பால் (PAL, நம் ஊர் டிவி முறை), 720×576, நொடிக்கு 25 ஃபிரேம் என்று வைத்தால் போதும்.

இனி சத்தம். எல்லாப் பழியையும் டாங்கிள் மேல் போட முடியாது. பால் முறை விஎச்எஸ் டேப் நொடிக்கு 23.39 மி.மீ. தான் நகர்கிறது, பாட்டு கேசட் 47.6 மி.மீ. அதில் பாதி வேகம்தான் என்பதால் சாதாரண விசிஆர் டெக்கில் சுமார் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். அதையும் விட மந்தமாகக் கேட்டால் ஆடியோ ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். சுழலும் வீடியோ டிரம்மில் அந்தக் குச்சி படவே கூடாது. படம் தெளிவாக ஓடிக்கொண்டிருக்க, சத்தம் மட்டும் அலை போல ஏறி இறங்கினால் டேப்பின் மேல் விளிம்பு நசுங்கியிருக்கும். ஆடியோ தடம் அந்த விளிம்பில்தான் ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கிடந்த கேசட்டின் ஜன்னல் வழியே வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடவே போடாதீர்கள், ஹெட் முழுக்கப் பரவும்.

டாங்கிளின் நிஜமான குறை லெவல், அதாவது உள்ளே வரும் சத்தத்தின் அளவு. அதில் திருகும் கிடையாது, மீட்டரும் கிடையாது. பேச்சு நன்றாகக் கேட்கும், கெட்டிமேளத்தில் தவில் உடைந்துவிடும். விண்டோஸில் ரெக்கார்டிங் லெவலைக் குறைத்துப் பாருங்கள்: அலைவடிவம் சிறிதான பிறகும் உச்சி தட்டையாகவே இருந்தால், வெட்டு டாங்கிளுக்குள்ளேயே நடந்துவிட்டது, சாஃப்ட்வேரால் மீட்க முடியாது. டெக்குக்கும் டாங்கிளுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ஸ்டீரியோ வால்யூம் கன்ட்ரோல் ஒன்றைச் சேர்க்க வேண்டும், சிறிய மிக்சர் இருந்தால் இன்னும் நல்லது. முதலில் கேசட்டை தாலி கட்டும் இடத்துக்கு ஓட்டி, அங்கே சாஃப்ட்வேரின் மீட்டரில் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வைத்துவிட்டு, பிறகு தொடக்கத்திலிருந்து ஏற்றுங்கள். தவில் அடி விழுந்ததும் பேச்சு அமுங்கி மெல்ல எழுந்தால் அது கேமராவின் தானியங்கி லெவல் செய்த வேலை, டேப்பிலேயே பதிந்தது, விட்டுவிடுங்கள்.

மோனோ டெக்கில் வெள்ளைப் பின் மட்டும் இருந்தால் இடது ஸ்பீக்கரில்தான் கேட்கும். ஏற்றிய பிறகு இடதை வலதுக்கு நகலெடுத்தால் சரி.

'ம்ம்' என்ற உறுமல் வந்தால், டெக்கின் பின்னால் இருக்கும் கேபிள் டிவி ஒயரை முதலில் கழற்றுங்கள், பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். நிற்கவில்லையா, லேப்டாப் சார்ஜரை ஒரு நிமிடம் பிடுங்கிப் பாருங்கள். அப்போது நின்றால் எர்த் லூப், அதாவது இரண்டு கருவிகளின் எர்த் வழியே சுற்றி வரும் கரண்ட். அதற்காக சார்ஜரின் எர்த் பின்னை உடைப்பது ஆபத்து. கார் ஸ்டீரியோ கடையில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று கேட்டு வாங்கி ஆடியோ ஒயரின் நடுவில் மாட்டுங்கள். மிச்ச உறுமலுக்கு ஆடாசிட்டி என்ற இலவச ஆடியோ சாஃப்ட்வேரில் 50, 100, 150 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் போடலாம். சீற்றத்தைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் 6 டெசிபலோடு நிற்கட்டும், அதற்கு மேல் போனால் நாதஸ்வரம் தண்ணீருக்குள்ளிருந்து கேட்கும்.

உதடும் சத்தமும் விலகுவதுதான் அதிகம் படுத்தும். விண்டோஸ் சவுண்ட் செட்டிங், கேப்ச்சர் சாஃப்ட்வேர் இரண்டிலும் 48,000 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். பிறகும் விலகினால், தவில் அடி கண்ணில் படும் இடங்களைத் தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் பாருங்கள். விலகல் சீராக வளர்ந்தால், படத்தையும் சத்தத்தையும் அளக்கும் கடிகாரங்களின் வேறுபாடு. 3 மணி நேர கேசட்டில் முடிவில் சத்தம் 2 நொடி பிந்தினால், ஆடாசிட்டியில் வேகத்தை 0.019 சதவீதம் கூட்டினால் சேர்ந்துவிடும். டெம்போவை அல்ல, வேகத்தை. சில இடங்களில் மட்டும் திடீரென்று தாவினால், ஏற்றும்போது ஃபிரேம் விடுபட்டிருக்கிறது. கேமராவை நிறுத்தி மறுபடி எடுத்த வெட்டுகளில்தான் இது அதிகம். அங்கங்கே ஆடியோவை வெட்டி நகர்த்த வேண்டும், கை ஒடியும் வேலை. அதைவிட, பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்று கிடைத்தால் டெக்கின் படம், சத்தம் இரண்டையும் அதன் உள்ளே விட்டு, வெளியே எடுத்து டாங்கிளுக்குக் கொடுங்கள். பதிவு செய்ய வேண்டாம், கடந்து போனாலே போதும். பல மாடல்கள் ஆடும் சிக்னலை நேராக்கியே வெளியே விடும். படத்தோடு சத்தத்தையும் அதன் வழியே விட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் புதிதாக ஒரு விலகல் முளைக்கும்.