ஒரு வினையடைக்கு இடம் தேடிய மூன்றாம் வகுப்பு

அலுவலக வேலையில் பாதி நேரம் ஆங்கில மடல் எழுதுவதிலேயே கழிகிறவர்களுக்காக நடத்தப்படும் ஓர் இணையவழி இலக்கண வகுப்பில் சேர்ந்து, ஆறு சனிக்கிழமை மாலைகளை அதற்குக் கொடுத்தேன். கட்டணம் 2,400 ரூபாய். ஒவ்வொரு வகுப்பும் ஒன்றரை மணி நேரம். ஐந்து வகுப்புகளைப் பற்றி, பள்ளியில் படித்ததையே மறுபடி படித்தோம் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கொடுத்த பணத்துக்கு ஈடாக அமைந்தது, எதிர்கால வினைத்தொடரில் வினையடையை (வினை எப்படி நடக்கிறது என்று காட்டும் 'கண்டிப்பாக' போன்ற சொல்லை) எங்கே வைப்பது என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்ட மூன்றாம் வகுப்பு.

ஆசிரியர் தொடங்கிய விதமே நன்றாக இருந்தது. 2009 ஜனவரி 20 அன்று வாஷிங்டனில் பராக் ஒபாமா பதவியேற்ற காணொளியை ஓடவிட்டு, ஓரிடத்தில் நிறுத்தினார். அமெரிக்க அரசமைப்பில் உள்ள உறுதிமொழி 'ஐ வில் ஃபெயித்ஃபுல்லி எக்ஸிக்யூட்' (உண்மையுடன் நிறைவேற்றுவேன்) என்று செல்கிறது. தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து சொல்லிக்கொடுத்த தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், 'ஃபெயித்ஃபுல்லி'யை அதன் இடத்திலிருந்து பெயர்த்து வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளிவிட்டார். 'ஐ வில் எக்ஸிக்யூட்' என்பது வரை சொன்ன ஒபாமா அங்கேயே நின்றுவிடுகிறார். நீதிபதி திருத்த முயன்று மேலும் தடுமாறுகிறார். முடிவில் ஒபாமாவும் அச்சொல்லைக் கடைசியில் வைத்தே முடிக்கிறார். மறுநாள் வெள்ளை மாளிகையில், முன்னெச்சரிக்கையாக, உறுதிமொழி மீண்டும் எடுக்கப்பட்டது. 'வில்' என்பதையும் அதன் வினையையும் பிரிக்கக் கூடாது என்ற பழைய மூடநம்பிக்கையே நீதிபதியின் தடுமாற்றத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்று மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் அப்போது எழுதினார். (உறுதிமொழியில் வரும் 'வில்' வெறும் எதிர்காலமன்று, சூளுரை, ஆனாலும் வினையடை நிற்கும் இடம் இரண்டிலும் ஒன்றுதான்.)

அதன் பிறகு எங்கள் மடல்களுக்கு வந்தார். தமிழில் 'வருவேன்' என்பது ஒரே சொல்; 'நாளை கண்டிப்பாக வருவேன்' என்றாலும் 'கண்டிப்பாக நாளை வருவேன்' என்றாலும் வினையடை வெளியில்தான் நிற்க முடியும், வினைக்குள் நுழைய வழியில்லை. ஆங்கிலத்தில் அதே எதிர்காலம் 'வில் கம்' என்று இரண்டு சொற்களாக நிற்பதால், 'டெஃபனட்லி' போன்றவற்றுக்கு இயல்பான இடம் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியே. நம்மில் பலர் பழக்கத்தில் எழுதும் 'ஐ டெஃபனட்லி வில் கம்' என்பது பிழையன்று. ஆனால் நாம் வரமாட்டோம் என்று யாரோ சொன்னதை மறுத்துப் பேசும் அழுத்தம் அதில் ஏறிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் வாடிக்கையாளர்களோடு சண்டைபோடும் தொனியிலேயே எழுதிவந்திருக்கிறேன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

எதிர்மறையில் நிலைமை மாறுகிறது. 'ஐ வோன்ட் ப்ராபப்ளி கம்' என்று எழுதியிருந்த ஒருவரிடம், அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள் என்றார் ஆசிரியர். 'அநேகமாக வர மாட்டேன்' என்றதும், 'அப்படியே, அதே வரிசையில் ஆங்கிலத்தில் வையுங்கள்' என்றார்: 'ஐ ப்ராபப்ளி வோன்ட் கம்'. தாய்மொழியில் யோசிக்காதீர்கள் என்று சொல்லாத ஆங்கில ஆசிரியரை நான் பார்ப்பது இதுவே முதல் முறை. இடம் மாறினால் பொருளும் மாறும் என்பதற்கு அவர் தந்த எடுத்துக்காட்டும் மறக்கவில்லை: 'ஷி வில் ஹாப்பிலி சிங்' என்றால் கேட்டவுடன் தயங்காமல் பாடுவாள், 'ஷி வில் சிங் ஹாப்பிலி' என்றால் பாடும்போது அவள் குரலில் மகிழ்ச்சி இருக்கும்.

குறைகளும் அதே வகுப்பைச் சுற்றியே இருக்கின்றன. வகுப்பை நடத்தும் நிறுவனம் அனுப்பிய குறிப்பேடு, 'வில்' போன்ற துணைவினைக்கும் முதன்மை வினைக்கும் இடையில் எதையும் நுழைக்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் சொல்கிறது; அதாவது, ஆசிரியர் ஒன்றரை மணி நேரம் பாடுபட்டு உடைத்த அதே விதி. தானாகவே மதிப்பெண் போடும் பயிற்சித்தாளோ, 'வில் ஆல்ரெடி ஹாவ் ஃபினிஷ்ட்' என்ற என் விடையைத் தவறு என்று காட்டி, 'வில் ஹாவ் ஆல்ரெடி ஃபினிஷ்ட்' என்று திருத்தியது. இரண்டுமே வழக்கில் உள்ளவை. வகுப்பைக் கவனித்துக் கேட்காமல் குறிப்பேட்டை மட்டும் படிக்கிறவர், ராபர்ட்ஸ் தடுமாறிய இடத்திலேயே தாமும் தடுமாறுவார். வகுப்பின் காணொளிப் பதிவு, வகுப்பு முடிந்து ஒரு மாதம் வரை கிடைக்கிறது; சேர்பவர்கள் அதை நம்பலாம், குறிப்பேட்டை நம்ப வேண்டாம்.

இதையெல்லாம் நிறுவனத்துக்கு எழுதினேன். ஒரு வாரம் கழித்து ஒரு வரிப் பதில் வந்தது: 'வி வில் ஷார்ட்லி சென்ட் த ரிவைஸ்ட் நோட்ஸ்.' குறிப்பேடு கூடாது என்று சொன்ன அதே இடத்தில் 'ஷார்ட்லி' சுகமாக உட்கார்ந்திருக்கிறது. திருத்திய குறிப்பேடுதான் இன்னும் வந்தபாடில்லை.