டிங் வெள்ளையா, ரூ நீலமா?

சோங் அரச வம்சக் காலத்துச் சீனப் பீங்கான் பாண்டங்களில் வெள்ளை நிற டிங், நீலப்பச்சை ரூ என்று புகழ்பெற்ற இரண்டு வகைகள் உண்டு. இவற்றில் எது உயர்ந்தது என்று பேச்சு வந்தால் பெரும்பாலும் ரூதான் ஜெயிக்கும். அபூர்வம் என்பதும் ஒரு காரணம். உலகம் முழுக்கச் சேர்த்தாலும் நூறுக்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. 2017இல் ஹாங்காங் ஏலத்தில் தூரிகை கழுவும் சிறு ரூ தட்டு ஒன்று 29.43 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது.

டிங் பாண்டங்களின் விளிம்பு சொரசொரப்பானது, அதனால் அரண்மனை அவற்றை விட்டுவிட்டு ரூவை எடுத்துக்கொண்டது என்று சோங் காலக் கவிஞர் லூ யூ எழுதியிருக்கிறார். அந்தச் சொரசொரப்பு கவனக்குறைவால் வந்ததில்லை. ஹெபெய் பகுதியின் டிங் குயவர்கள் கிண்ணங்களைக் கவிழ்த்து, விளிம்பு கீழே இருக்கும்படி சுட்டார்கள். அங்கே கிளேஸ் (பாண்டத்தின் மேல் பூசும் கண்ணாடி போன்ற பூச்சு) இருந்தால், சூளையில் கிண்ணத்தை வைக்கும் தாங்கியோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதைத் துடைத்துவிட்டார்கள். அப்புறம் விளிம்பை மறைக்கச் செம்பு, வெள்ளி, தங்கப் பட்டை கட்டினார்கள். மெல்லிய கிண்ணம் கோணாமல் வெந்ததும், ஒரே சூளையில் அடுக்கடுக்காக நிறையச் சுட முடிந்ததும் இந்தக் கவிழ்ப்பால்தான். அரண்மனையும் டிங்கை அடியோடு ஒதுக்கிவிடவில்லை. அரண்மனைச் சமையல் அலுவலகத்தின் பெயர் பொறித்த துண்டுகள் டிங் சூளைகளிலேயே கிடைத்திருக்கின்றன.

ரூ இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. ஹெனான் மாகாணத்தின் சிங்லியாங்சியில், பாண்டத்தை முள் போன்ற நுண்ணிய தாங்கிகளின் மேல் நிறுத்திச் சுட்டார்கள். அடிப்பாகம் வரை கிளேஸ் மூடிக்கொள்ளும். மிஞ்சுவது எள் அளவுத் தழும்புகள் மட்டும்.

நிறத்துக்கு வந்தால் இரண்டிலும் இரும்புக்குப் பங்குண்டு. காற்று தாராளமாகப் புகும் நிலக்கரிச் சூளையில், டிங்கின் வெண்மைக்கு, கிளேஸில் உள்ள சிறிதளவு இரும்பு யானைத்தந்தம் போன்ற இளமஞ்சள் சாயல் தருகிறது. காற்றைக் குறைத்த ரூ சூளையில் அதே இரும்பு நீலப்பச்சையாகிறது. ரூவின் கிளேஸ் தடிமனானது. பெரும்பாலும் அலங்காரமே கிடையாது, நிறம்தான் எல்லாம். டிங்கின் கிளேஸ் மெல்லியது. அதனடியில் செதுக்கிய தாமரை, மீன், வாத்து எல்லாம் தெளிவாகத் தெரியும். பிற்பாடு அச்சில் அழுத்திய நெருக்கமான பூவேலை வந்தது. எனக்கு முந்தைய கைச்செதுக்கல்தான் உயிரோட்டமாகப் படுகிறது.

என் ஓட்டு டிங்குக்குத்தான். குயவரின் கை ஓடிய வேகத்தை அதில் கண்ணால் பார்க்க முடிகிறது. ஒரே ஒரு விதிவிலக்கு: தைபெய் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள, கிளேஸில் வெடிப்புக்கோடே இல்லாத ரூ நீள்வட்டத் தொட்டி. அந்த நிறத்துக்கு ஈடான ஒன்று டிங்கில் இல்லை.