ஃபிராங்க்பர்ட்டில் இருந்துகொண்டு குன்னூர் தேயிலை ஏல விலை பார்க்க எது வசதி?

மகனையோ மகளையோ பார்க்க ஜெர்மனி போகிற கோத்தகிரிக்காரர் அங்கேயும் பச்சைத்தேயிலை விலையை விசாரிக்காமல் இருக்கமாட்டார். போனில் தேடினால் பக்கம் முழுக்க ஜெர்மன். இதில் சிக்கல் இரண்டு: பக்கம் எந்த மொழியில் தெரிகிறது என்பது ஒன்று, எந்த நாட்டு முடிவுகள் வருகின்றன என்பது இன்னொன்று. பலரும் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு, இரண்டாவதோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

கூகுளில் இரண்டுக்கும் தனித்தனி அமைப்பு உண்டு. கணக்கில் நுழைந்திருந்தால் வேறு போனிலும் மொழி கூடவே வரும். இல்லையென்றால் அது குக்கீயில்தான், அதாவது பிரவுசர் சேமிக்கும் சின்னக் குறிப்பில்தான் இருக்கும். தடம் வைக்காத இன்காக்னிட்டோ ஜன்னலில் தேடினால், அதை மூடியதும் போச்சு. கூகுள்.கோ.இன் என்று அடித்து இந்தியப் பக்கத்துக்குப் போகும் பழைய வித்தை 2017 அக்டோபரோடு முடிந்தது. அதன்பிறகு, அமைப்பில் நாட்டை மாற்றாதவரை, நீங்கள் நிற்கிற இடம்தான் கணக்கு. ஆனால், கேள்வியைத் தமிழிலேயே 'கோத்தகிரி பச்சைத்தேயிலை விலை' என்று அடித்தால், பெரும்பாலும் எந்த அமைப்பையும் தொடாமலே தமிழ்ச் செய்திகள் வந்துவிடும். 'டீ பிரைஸ்' என்று ஆங்கிலத்தில் மொட்டையாக அடித்துவிட்டு ஹாம்பர்க் கடைகள் வந்தால் யாரைக் குறை சொல்வது?

இன்னொரு தேடுபொறியான டக்டக்கோவில் நாட்டை மாற்றும் வசதி முடிவுகளுக்கு மேலேயே இருக்கிறது. விலை பார்க்க இந்தியா, பக்கத்து மருந்துக்கடைக்கு ஜெர்மனி என்று மாற்றிக்கொண்டே இருக்கலாம். கணக்கே வேண்டாம். பயணத்தில் என் ஓட்டு இதற்குத்தான், தமிழில் தேடினால் கூகுள் அளவுக்குக் கிடைக்காது என்றாலும்.

வேறு நாட்டிலிருந்து தேடுவதுபோல் காட்டும் விபிஎன்? 2022-இல் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்கச் சொல்லி இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டதும், சில பெரிய நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துவிட்டன. இந்திய ஐபி முகவரியை (எந்த நாட்டு இணைப்பு என்று காட்டும் எண்) வெளிநாட்டிலிருந்தே தருகின்றன. தேயிலை விலைக்கு இவ்வளவு சுற்றுவழி தேவையில்லை.

அப்புறம் ரோமிங். நம் ஊர் சிம்மின் டேட்டா வழக்கமாக இந்திய நெட்வொர்க் வழியாகவே போய்வருவதால், தேடுபொறிக்கு இந்திய ஐபி முகவரிதான் தெரியும். விமான நிலையத்தில் ஒழுங்காக இருந்த போன், மகன் வீட்டு வைஃபையில் சேர்ந்ததும் ஜெர்மன் பேசுவது இதனால்தான். லொகேஷனைத் திறந்து வைத்திருந்தால் ரோமிங்கிலும் குட்டு உடைந்துவிடும். குன்னூர் ஏலம் வாராவாரம் நடப்பது, தேயிலை வாரியம் பச்சைத்தேயிலைக்கு விலை அறிவிப்பது மாதாமாதம். இதற்காக மட்டும் ரோமிங் பேக் போடுகிறவர்கள் கணக்கைப் பார்த்துக்கொள்ளட்டும்.