பழைய ரைசன் 3600-க்கு எந்தப் புது கிராபிக்ஸ் கார்டு? ஊட்டியிலிருந்து ஒரு ஒப்பீடு

ஏஎம்டி-யின் ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ராம். ஊட்டி, குன்னூர் பக்கம் எனக்குத் தெரிந்த கேமிங் பிசிகளில் நிறைய இன்னும் இதில்தான் ஓடுகின்றன. குன்னூர்த் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான்: "அண்ணா, ப்ராசஸர் 2019 மாடல், இதுல புது கார்டு போட்டா காசு வீண்தானே?" வீண் இல்லை. ஆனால் பழைய ப்ராசஸரோடு சேர்க்கும்போது, எந்த கார்டு வேகமானது என்பதைவிட எந்த கார்டு ப்ராசஸரையும் போர்டையும் குறைவாகத் தொந்தரவு செய்யும் என்றுதான் பார்க்க வேண்டும். விமர்சன வீடியோக்களில் பெரும்பாலும் மிக வேகமான ப்ராசஸரில் சோதிக்கிறார்கள், அந்த எண்கள் நம் வீட்டில் அப்படியே வராது.

போட்டியில் மூன்று கார்டுகள்: இன்டெல் ஆர்க் பி580 (12 ஜிபி, 2024 டிசம்பர்), என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 (8 ஜிபி, 2025 மே), ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி (2025 ஜூன்). அறிமுக விலை முறையே 249, 299, 349 டாலர். நம் ஊர் விலை வேறு, கோயம்புத்தூரில் கடைக்குக் கடை மாறும்.

பி580-ஐ முதலில் ஒதுக்கிவிடுகிறேன். விலைக்கு 12 ஜிபி என்பது ஆசை காட்டும், புது ப்ராசஸரில் நன்றாகவும் ஓடும். ஆனால் அதன் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) ப்ராசஸரிடம் அதிக வேலை வாங்குகிறது. இதே 3600-இல் போட்டுப் பார்த்த விமர்சகர்களுக்கு, சில கேம்களில் என்விடியாவின் முந்தைய தலைமுறை ஆர்டிஎக்ஸ் 4060-க்கும் பின்னால் போனது. 3600 வைத்திருப்பவர் இதை வாங்க வேண்டாம்.

மற்ற இரண்டுக்கும் நடுவில்தான் நிஜமான போட்டி. 5060-க்கு 8 பிசிஐஇ லேன்தான், அதாவது கார்டும் போர்டும் டேட்டா மாற்றிக்கொள்ளும் பாதைகள். புது போர்டில் அது பிரச்சினையே இல்லை. பி450-இல் பிசிஐஇ 3.0 மட்டுமே என்பதால் நொடிக்குச் சுமார் 8 ஜிபிதான் போய்வர முடியும். கார்டின் சொந்த மெமரியான 8 ஜிபி விராம் நிரம்பும் வரை தெரியாது, நிரம்பிய பிறகு டெக்ஸ்சர் எல்லாம் ராமிலிருந்து இந்தக் குறுகிய வழியாக வர வேண்டும், அப்போது சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) 70 காட்டினாலும் திரும்பும் திருப்பத்தில் எல்லாம் படம் வெட்டி வெட்டிப் போகும். 9060 எக்ஸ்டி-க்கு 16 லேன், அதே போர்டில் இரு மடங்கு வழி. அதோடு 16 ஜிபி இருப்பதால் அந்த வழியில் போக வேண்டிய தேவையே அபூர்வம். டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் பழைய ப்ராசஸர் திணறும்போது ஏஎம்டி-யின் ரேடியான் டிரைவர் என்விடியாவைவிடக் குறைவான சுமை தருவதும் சில வருடங்களாகவே சோதனைகளில் பார்த்த விஷயம்.

5060 பக்கமும் நியாயம் இருக்கிறது. குறைந்த ரெசல்யூஷன் படத்தை ஏஐ மூலம் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் அதிக கேம்களில் இருக்கிறது, பிளெண்டர் போன்ற 3டி வேலைக்கு என்விடியாதான் வசதி. மல்டி ஃபிரேம் ஜெனரேஷன் ப்ராசஸரைக் கேட்காமல் கார்டே ஃபிரேம் போட்டுக்கொள்வதால் பழைய ப்ராசஸருக்குப் பொருத்தமாகத் தோன்றும். கண்ணுக்கு வழுவழுப்பாகத்தான் இருக்கும், ஆனால் ப்ராசஸர் 40 ஃபிரேம்தான் தருகிறது என்றால் மவுஸ் அசைவு 40-க்கு உரிய தாமதத்தோடுதான் கைக்குத் தெரியும். கேம் மட்டும்தான் என்றால் என் ஓட்டு 9060 எக்ஸ்டி 16 ஜிபி-க்கு.

காசு கொடுக்கும் முன் ஒரு சோதனை. இப்போது இருக்கும் கார்டிலேயே, ஆடும் கேமில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் கார்டுதான் தடை, புது கார்டு பலன் தரும். அசையவே இல்லையா, ப்ராசஸர்தான் தடை. வேலரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 மாதிரி 1080பி-இல் அதிக எஃப்பிஎஸ் தேடுபவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும், அவர்கள் முதலில் ப்ராசஸரை மாற்றட்டும். 1440பி-இல் கதை கேம் ஆடுபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கார்டை முதலில் வாங்கலாம்.

ப்ராசஸர் மாற்ற போர்டை மாற்ற வேண்டியதில்லை. 3600-இன் 32 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) இரண்டு 16 எம்பி-யாகப் பிரிந்து கிடக்கிறது, ரைசன் 5 5600-இல் ஆறு கோருக்கும் பொதுவாக 32 எம்பி, 5700எக்ஸ்3டி-இல் 96 எம்பி. கேமில் தெரியும் வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் இதுதான். 5700எக்ஸ்3டி நியாயமான விலையில் கிடைத்தால் விடாதீர்கள், இல்லாவிட்டால் 5600 போதும். ராம் விலை இப்படி ஏறிக் கிடக்கும்போது டிடிஆர்5 ராம் கேட்கும் புது போர்டுக்குத் தாவச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் மலைக்கென்று சில விஷயங்கள். ஊட்டி 2240 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் ஃபேன் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும். அறையே 15 டிகிரி என்பதால் அது கணக்கில் வராது, மூன்று ஃபேன் கார்டுக்குக் கூடுதல் காசு தேவையில்லை. அந்தக் காசை யுபிஎஸ்ஸில் போடுங்கள். இந்த ப்ராசஸரும் புது கார்டும் விளையாடும்போது இழுக்கும் மின்சாரத்துக்கு மானிட்டரையும் சேர்த்தால் 600 விஏ யுபிஎஸ் தாங்காமல் போகலாம், 1000 விஏ எடுங்கள்.

5000 வரிசை ப்ராசஸர் போடும் முன் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் கட்டாயம். காற்றும் மழையுமாக மரம் விழுந்து லைன் போகும் நாட்களில் அதைத் தொடவே வேண்டாம், பாதியில் கரண்ட் போனால் போர்டு எழுந்திருக்காது. அப்புறம், இந்தக் குளிரில் பழைய தெர்மல் பேஸ்ட் கெட்டியாகி கூலரும் ப்ராசஸரும் ஒட்டிக்கொள்ளும். அப்படியே மேலே இழுத்தால் சாக்கெட் பூட்டியிருந்தாலும் ப்ராசஸர் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், இந்த போர்டின் ஏஎம்4 சாக்கெட் வகையில் ஊசி போன்ற பின்கள் எல்லாம் ப்ராசஸரின் அடியில்தான், வளைந்துவிடும். பத்து நிமிடம் ஒரு கேம் ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் செய்து ஒயரைக் கழற்றிய கையோடு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி விட்டது தெரிந்த பிறகு தூக்குங்கள்.