ஆர்கானிக் மேப்ஸ்: டவர் இல்லாத மலையில் அடுத்த பயணத்துக்குத் தயாராக

நேபாளத்தின் கோர்க்கா மாவட்டத்தில் ஒரு மலைக்கிராமப் பள்ளியில் தன்னார்வலராக இருக்கிறேன், அறிவியலும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே வந்தபிறகு போனில் நான் அதிகம் திறப்பது ஆர்கானிக் மேப்ஸ் என்ற வரைபடச் செயலியைத்தான். வெளிநாட்டில் தன்னார்வப் பணிக்குப் போகும் தமிழ் ஆட்களுக்கு, முக்கியமாக மலைப்பகுதிக்குப் போகிறவர்களுக்கு, இது உதவும் என்று நினைக்கிறேன்.

இலவசம், விளம்பரம் கிடையாது, நாம் போகிற இடத்தை எல்லாம் பின்தொடர்வதும் கிடையாது. மேப்ஸ்மீ என்ற இன்னொரு வரைபடச் செயலியை முதலில் உருவாக்கியவர்களே 2021-இல் இதை வெளியிட்டார்கள். வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இருந்து வருகிறது, அது யார் வேண்டுமானாலும் சேர்க்கவும் திருத்தவும் கூடிய இலவச உலக வரைபடம். தேவையான பகுதியை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் போதும், அதன்பிறகு நெட் வேண்டாம். தேடுவது, வழி பார்ப்பது, நாம் நிற்கும் இடத்தைக் காட்டுவது எல்லாம் சிம் கார்டே இல்லாமல் வேலை செய்யும்.

இப்போது இங்கே மழைக்காலம். சாயங்காலம் ஆனால் கரண்ட் போய்விடும், வெளியே இறங்கினால் அட்டைப்பூச்சி, அதனால் சோறும் பருப்பும் சாப்பிட்ட கையோடு வரைபடத்தைத் திறந்து தசைன் பண்டிகை விடுமுறைக்கான வழியைப் பார்ப்பதுதான் என் பொழுதுபோக்கு. மனாஸ்லு சிகரத்தைச் சுற்றிவரும் நடைபாதைக்குப் போகவேண்டும். மச்சாகோலா வரை ஜீப், அங்கிருந்து புரிகண்டகி ஆற்றை ஒட்டி நடந்து ஜகத், நம்ருங், சாமகாவ்ன், அப்புறம் 5,100 மீட்டரைத் தாண்டும் லார்க்யா கணவாய், அந்தப் பக்கம் இறங்கி தாராபானி. ஒவ்வொரு ஊரையும் ஒரு நிறத்தில் குறித்து, அதன் கீழேயே தண்ணீர் எங்கே, கடைசியாக சார்ஜ் போட முடிகிற இடம் எது என்று குறிப்பும் எழுதி வைத்திருக்கிறேன். நடைவழியைத் தேர்ந்தெடுத்தால் ஏற்ற இறக்கம் ஒரு கோடாக வரும், ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளையும் போட்டுப் பார்க்கலாம். சாமகாவ்னில் ஒருநாள் கூடுதலாகத் தங்கி உடம்பை உயரத்துக்குப் பழக்கவேண்டும் என்று முடிவு செய்ததே அந்தக் கோட்டைப் பார்த்துத்தான். மனாஸ்லு கட்டுப்பாட்டுப் பகுதி, தனி அனுமதி வாங்கவேண்டும், வழிகாட்டியும் கட்டாயம். அதையெல்லாம் செயலி சொல்லாது, தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் இந்தச் செயலியை இவ்வளவு விரும்புவதற்கு வேறு காரணம் இருக்கிறது. 2015 ஏப்ரல் 25 அன்று வந்த 7.8 அளவு நிலநடுக்கத்தின் மையம் இதே கோர்க்கா மாவட்டத்தில், பார்பாக் பக்கம். அப்போது காத்மாண்டு லிவிங் லேப்ஸ் என்ற உள்ளூர் அமைப்பு ஒருங்கிணைக்க, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் தங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீடுகளையும் பாதைகளையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்தார்கள். நிவாரணக் குழுக்கள் அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு வேலை செய்தன. இன்று இந்த மாவட்டத்தின் ஒற்றையடிப் பாதைகள்கூட என் போனில் தெரிகின்றன என்றால் அதில் அந்த முகம் தெரியாத தன்னார்வலர்களின் உழைப்பும் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே நெகிழ்ச்சியாக இருக்கிறது.

நாமும் சேர்க்கலாம். கடை, குழாய், சுகாதார நிலையம், பள்ளி, தங்குமிடம் இவற்றைச் செயலிக்குள்ளேயே குறிக்கலாம், பெயர் தப்பாக இருந்தால் திருத்தலாம். நெட் கிடைத்ததும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கணக்கு வழியாக மேலே போய்விடும். 2017-க்குப் பிறகு நேபாளத்தில் உள்ளாட்சி அமைப்பே மாறி 753 அமைப்புகளாக ஆகிவிட்டது, அதனால் பழைய ஊராட்சிப் பெயரிலேயே நின்றுபோன இடங்களை அங்கங்கே பார்க்கிறேன். உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுத்தான் திருத்தவேண்டும், நாமாக ஊகித்து எழுதக்கூடாது. எங்கள் அடுத்த வேலையே இதுதான். விடுமுறை முடிந்து வந்ததும் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு எங்கள் வார்டில் உள்ள குடிநீர்க் குழாய்கள் எல்லாவற்றையும் குறிக்கப்போகிறோம், கோடையில் வற்றுகிறவை எவை என்பதையும் தனியாக எழுதி வார்டு அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். தலைமையாசிரியர் சரி சொல்லிவிட்டார். பிள்ளைகள் இப்போதே யார் எந்தப் பக்கம் போவது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

குறைகள். புதிதாக ஒரு பாதையை இந்தச் செயலிக்குள் வரைய முடியாது. நடந்த தடத்தைப் பதிவு செய்து, பிறகு கணினியில் உட்கார்ந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில்தான் வரையவேண்டும். நாம் திருத்தியது மற்றவர்களுக்கு உடனே தெரியாது, அடுத்த வரைபடப் புதுப்பிப்பு வரும்வரை காத்திருக்கவேண்டும். நடக்க ஆகும் நேரத்தை நம்பாதீர்கள், பையோடு ஏறும்போது அது சொல்வதைப்போல ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் நேரம் கிடையாது. போக்குவரத்து நெரிசல் காட்டாது. கடைகளைப் பற்றி மற்றவர்கள் போடும் படமும் கருத்தும் இல்லை, எழுத்துக்கூட்டு ரொம்ப மாறினால் ஊர் சிக்காது. எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், மழையில் மலை சரிந்து அடித்துப்போன பாதையை யாராவது திருத்தும்வரை அது வரைபடத்தில் அப்படியே இருக்கும். இந்தப் பக்கத்தில் இது உயிர்ப்பிரச்சினை. காலையில் கிளம்புமுன் தங்கிய வீட்டுத் தீதியிடம் (அக்காவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வழி திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் புறப்படவேண்டும்.

காத்மாண்டுவில் வேலை செய்கிற தன்னார்வலர்களுக்கு இது அவ்வளவு தேவைப்படாது, அங்கே கூகுள் மேப்ஸே போதும், கடைகளைத் தேட அதுதான் வசதி. ஊருக்கு வெளியே போகிறவர்களுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை.

வருகிற கோடையில் மேற்கே ஜும்லா பக்கம் ஒரு பள்ளி நூலக வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அங்கிருந்து நடந்து ராரா ஏரிக்கும் போகலாம் என்று ஆசை. அந்தப் பக்க வரைபடத்தையும் இறக்கிப் பார்த்துவிட்டேன், கோர்க்காவோடு ஒப்பிட்டால் பெயரில்லாத பாதைகள் நிறைய, குறிக்காத ஊர்களும் இருக்கும்போலத் தெரிகிறது. அங்கே எங்களுக்கு வேலை இருக்கிறது. நேபாளத்துக்கு வருகிறவர்கள் காத்மாண்டுவிலேயே, நல்ல வைஃபை இருக்கும்போதே, போகப்போகும் பகுதியையும் அதற்கு அடுத்த பகுதியையும் சேர்த்து இறக்கிக்கொள்ளுங்கள், ஒரு பவர் பேங்கும் வாங்கிக்கொள்ளுங்கள், தடத்தைப் பதிவு செய்துகொண்டே நடந்தால் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது.