பேட்டரி புதிது, கஞ்சத்தனம் பழையது

பேட்டரி மாற்றிய பிறகு என்னுடைய இந்த ஆண்ட்ராய்டு போனைப் பற்றி விரிவாக எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மாற்றியாயிற்று. இதே மாடலை செகண்ட் ஹேண்டாக வாங்கலாமா என்று நண்பர் ஒருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கும் சேர்த்துத்தான் இது. பிராசசர் என்ன, ரேம் எவ்வளவு, எத்தனை மெகாபிக்சல் என்பதெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருப்பார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோபம் ஏறிவிட்டால் எனக்கு நியாயம் பேச வராது. திரை இன்றைக்கும் பளிச்சென்று இருக்கிறது, வெயிலில் கண்ணைச் சுருக்காமல் படிக்கலாம். ஹெட்போன் ஜாக் இருக்கிறது. இந்தக் காலத்தில் அதுவே ஒரு சொத்து. சிக்னல் தள்ளாடும் இடத்திலும் பேச்சு பாதியில் அறுவதில்லை. கைரேகை சென்சார் பக்கவாட்டு பவர் பட்டனிலேயே இருப்பதால் விரல் தானாகப் போய் உட்காரும். கேமரா பகலில் சுகம், இரவில் சுமார். பலமுறை கீழே விழுந்தும் மூலையில் ஒரு சொட்டையோடு தப்பித்துவிட்டது.

பேட்டரிதான் போகப் போக வற்றியது. அதற்காக இந்த கம்பெனியைத் திட்ட முடியாது, லித்தியம் அயான் என்றாலே இதுதான். ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு ஆப்பிளே சொல்லும் கணக்கு, 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு. ஐபோன் 15 முதல் அதை 1000 சுற்று என்று உயர்த்தினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போன்கள் 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்கியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஒரு சுற்று என்பது ஒருமுறை சார்ஜில் போடுவதல்ல. இன்று பாதி, நாளை பாதி தீர்த்தால் இரண்டும் சேர்ந்துதான் ஒன்று. ஆகவே அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக சார்ஜ் போடுவதால் ஆயுள் குறையாது. குறைப்பது சூடு. சார்ஜில் செருகியபடியே கேம் ஆடுவதும், தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்குவதும்தான் பேட்டரியைத் தின்கிறவை.

என் போன் கடைசிக் காலத்தில் முப்பது சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே கேமராவைத் திறந்தால் அணைந்துவிடும். பேட்டரிக்கு வயதாகும்போது உள்மின்தடை ஏறுகிறது. கேமரா, ஃபிளாஷ் மாதிரி ஏதாவது திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்டால் வோல்டேஜ் சரிந்துவிடும், போன் படுத்துவிடும். இந்த அறிகுறி தெரிந்தால் ஃபேக்டரி ரீசெட் (எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல ஆக்குவது) போட்டு நேரத்தை வீணாக்காமல் பேட்டரியை மாற்றிவிடுங்கள். பின்மூடி புடைத்துக்கொண்டு வந்தால் மாற்றும்வரை பயன்படுத்தவே வேண்டாம், சார்ஜிலும் போடாதீர்கள். இன்னொன்று, மூடியைத் திறந்து மூடிய போனுக்குப் பழைய நீர்த்தடுப்பு அப்படியே இருக்கும் என்று நம்பி மழையில் எடுக்காதீர்கள்.

புது பேட்டரி போட்டதும் போனுக்குப் புது உயிர். காலையில் சார்ஜரிலிருந்து கழற்றினால் மறுநாள் காலை வரை ஓடுகிறது. இனிமேலாவது இது தாராளமாக நடந்துகொள்ளும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. இங்கேதான் என் புகார் ஆரம்பிக்கிறது.

இந்த போன் செய்தியை நேரத்துக்குக் கொண்டுவந்து தராது.

மேசைமேல் சும்மா கிடக்கும். எடுத்துத் திரையைத் திறந்தால், காலையில் வந்திருக்க வேண்டிய மின்னஞ்சல்கள் எல்லாம் மொத்தமாக வந்து குதிக்கும். வீட்டில் பெரியவருக்காகப் போட்டு வைத்த மாத்திரை நினைவூட்டல் ஒரு நாள் அடிக்கும், ஒரு நாள் அடிக்காது. நடைக்கணக்குப் போடும் ஆப் பாதி வழியில் செத்துப்போய், வரைபடத்தில் நான் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் பறந்தது மாதிரி நேர்கோடு போட்டிருக்கும். பாட்காஸ்ட் கேட்டுக்கொண்டே திரையை அணைத்தால் கொஞ்ச நேரத்தில் அமைதி. பேட்டரியில் எண்பது சதவீதம் இருக்கும்போது இதெல்லாம். களஞ்சியம் நிறைய நெல்லை வைத்துக்கொண்டு வாசலில் வந்தவருக்குக் கைப்பிடி அரிசி இல்லை என்கிற கஞ்சன்தான் இந்த போன்.

ஆண்ட்ராய்டிலேயே பேட்டரி சேமிப்பு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அது நியாயமான ஏற்பாடு. 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6.0-ல் டோஸ் என்ற வசதியைக் கொண்டுவந்தார்கள். சார்ஜில் இல்லாமல், திரை அணைந்து, போன் அசையாமல் கொஞ்ச நேரம் கிடந்தால் ஆப்களின் நெட் வேலைகளை நிறுத்தி வைக்கும். அவ்வப்போது சிறிய இடைவெளி ஒன்றைத் திறந்து, எல்லாரும் வந்து வேலையை முடித்துக்கொள்ளுங்கள் என்று விடும். ஆனால் அவசரச் செய்தி என்று முத்திரை குத்தி வருவதை உடனே உள்ளே விடும், அலாரத்தையும் விடும். 2018-ல் ஆண்ட்ராய்டு 9 வந்தபோது, ஆப்களை நாம் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்று பார்த்துத் தரம் பிரிக்கிற வேலையும் சேர்ந்தது. அடிக்கடி திறக்கும் ஆப்புக்குச் சலுகை, எப்போதோ திறப்பதற்குக் கட்டுப்பாடு. இதுவரை எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

இந்த போனைச் செய்தவர்கள் அதற்கு மேல் தங்கள் சொந்தச் சரக்கு ஒன்றை ஏற்றியிருக்கிறார்கள். அது ஆப்பை உறங்க வைப்பதில்லை, கழுத்தைத் திருகிவிடுகிறது. செட்டிங்ஸில் ஃபோர்ஸ் ஸ்டாப் என்று ஒரு பட்டன் பார்த்திருப்பீர்கள். அதை அழுத்திய ஆப்புக்கு நீங்கள் மறுபடி கையால் திறக்கும்வரை புஷ் செய்தி, அதாவது இணையம் வழியே தானாக வரும் அறிவிப்பு, எதுவும் போய்ச் சேராது. அது போட்டு வைத்திருந்த அலாரங்களும் ரத்தாகிவிடும். வம்பு செய்கிற ஆப்புக்காக வைத்த பட்டன் அது. இந்த போன் கிட்டத்தட்ட அதே வேலையை, என்னைக் கேட்காமல், ஒழுங்காக இருக்கிற ஆப்களுக்குச் செய்கிறது. சமீபத்தில் திறந்த ஆப்களைக் காட்டும் ரீசன்ட்ஸ் திரையில் ஒரு ஆப்பை மேலே தள்ளினால், வழக்கமான ஆண்ட்ராய்டில் அதன் செய்திகள் தொடர்ந்து வரும். இதில் தள்ளிவிட்டால் அந்த ஆப்போடு உறவே முறிந்தது.

எல்லா ஆப்புக்கும் இந்தக் கொடுமை கிடையாது என்பதுதான் எரிச்சலை இரட்டிப்பாக்குகிறது. வாட்ஸ்அப் செய்தி டாண் என்று வருகிறது. ஃபேஸ்புக்கில் யாரோ யாரையோ வாழ்த்தியது அந்த நொடியே தெரிகிறது. பெரிய ஆப்கள் ஏற்கெனவே விலக்குப் பட்டியலில் உட்கார்ந்திருக்கின்றன, செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால் தெரியும். ஒருவரோ இருவரோ சேர்ந்து எழுதிய சின்ன ஆப், மாத்திரை நேரம் சொல்வது, தூக்கத்தைக் கணக்கெடுப்பது, இவைதான் அடி வாங்குகின்றன. பயனர் என்ன செய்வார்? ஆப் சரியில்லை என்று ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார். எங்கள் ஆப்பில் தவறில்லை, உங்கள் போனில் இந்த இந்த செட்டிங்கை மாற்றுங்கள் என்று அந்த டெவலப்பர்கள் பக்கம் பக்கமாக உதவிக்குறிப்பு எழுதிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். போன் வந்த வாரத்தில் விமர்சனம் எழுதுகிறவர்களுக்கும் இது கண்ணில் படாது. அவர்கள் சோதிப்பது பெரிய ஆப்களை, அதுவும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு.

சரி செய்யலாமா? ஓரளவுக்குச் செய்யலாம். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் நமக்கு வேண்டிய ஆப், அதில் பேட்டரி, அங்கே அன்ரெஸ்ட்ரிக்டட், அதாவது கட்டுப்பாடு வேண்டாம் என்பது. பிறகு எந்த ஆப் தானாக இயங்கத் தொடங்கலாம் என்பதற்கு ஆட்டோ ஸ்டார்ட் என்று தனியாக ஒரு பட்டியல் ஒளிந்திருக்கும், அதில் ஆன் செய்ய வேண்டும். பிறகு ரீசன்ட்ஸ் திரையில் அந்த ஆப்பை அழுத்திப் பிடித்துப் பூட்டுப் போட வேண்டும். ஒரே வேலைக்கு மூன்று இடம், ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனியாக. இதோடு, பல மாதம் திறக்காத ஆப்பை ஆண்ட்ராய்டே முடக்கி வைக்கிற வசதியும் 12-வது பதிப்பிலிருந்து இருக்கிறது. முக்கியமான நினைவூட்டல் ஆப்புக்கு அந்த சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்து முடித்துக் கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தேன். ஒரு சிஸ்டம் அப்டேட் வந்தது. எல்லாம் பழையபடி. ஆட்டோ ஸ்டார்ட் பட்டியலில் நான் ஆன் செய்தவை எல்லாம் ஆஃப். வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. அதற்குப் பிறகு அப்டேட் வந்தாலே நான் முதலில் திறப்பது அந்தப் பட்டியலைத்தான்.

இதில் போனே கொடுக்கும் அறிவுரை வேறு. "பின்னணியில் சில ஆப்கள் இயங்குகின்றன, சுத்தம் செய்யவா?" என்று கேட்கும். ரீசன்ட்ஸில் எல்லாவற்றையும் துடைத்துத் தள்ளினால் பேட்டரி மிஞ்சும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். 2016-லேயே ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி, அப்படிச் செய்வதால் பேட்டரிக்கு லாபமில்லை என்று ஒரு பயனருக்கு மின்னஞ்சலில் பதில் எழுதினார். அப்போது கூகுளில் ஆண்ட்ராய்டைக் கவனித்த ஹிரோஷி லாக்ஹைமரும் அதையே சொன்னார். நினைவகத்தில் சும்மா கிடக்கும் ஆப் மின்சாரம் குடிப்பதில்லை. அதைத் துரத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து திறக்கும்போதுதான் பிராசசருக்குக் கூடுதல் வேலை. இத்தனைக்குப் பிறகும் இந்த போன் சுத்தம் செய்து முடித்ததும் திரையில் பச்சை டிக் போட்டு எனக்குப் பாராட்டுத் தெரிவிக்கிறது.

உங்கள் போனிலும் இந்த நோய் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி. ஆண்ட்ராய்டு 11 முதல் செட்டிங்ஸில் இருக்கிறது, நாம்தான் ஆன் செய்ய வேண்டும். கடந்த 24 மணி நேரத்தில் வந்தவற்றை நேரத்தோடு காட்டும். அனுப்பியவர் காலை ஒன்பதுக்கு அனுப்பியது அங்கே பதினொன்று என்று இருந்தால், பெரும்பாலும் போன் பிடித்து வைத்திருந்தது என்று அர்த்தம். பட்டியலிலேயே இல்லையென்றால் போனைச் சந்தேகிக்கும் முன் அந்த ஆப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் நோட்டிஃபிகேஷன் காட்டவே ஆப் நம்மிடம் அனுமதி கேட்க வேண்டும். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிட்டு மறந்துபோகிறவர்கள் உண்டு.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கழுத்தைத் திருகும் வேலையால் போன் சும்மா கிடக்கும்போது பேட்டரி இறங்குவதே இல்லை. இரவு படுக்கும்போது பார்த்த சதவீதம் காலையிலும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இன்னொரு கம்பெனி போன் வைத்திருக்கும் வீட்டு ஆட்கள் பொறாமைப்படுகிறார்கள். பேட்டரி நீடிக்கும் என்று விளம்பரத்தில் சொன்னதை இவர்கள் பொய்யாக்கவில்லை. ஆனால் யாருக்காக இந்தச் சேமிப்பு? நான் தூங்கும்போது மிச்சம் பிடித்த சார்ஜை வைத்துக்கொண்டு நான் விழித்திருக்கும்போது என்ன செய்வது?

அப்டேட் விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். பெரிய பதிப்பு மாற்றங்கள் இரண்டோடு நின்றுவிட்டன. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் செக்யூரிட்டி பேட்ச் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நொண்டிக்கொண்டு வருகிறது. 2023-ல் பிக்சல் 8, 2024-ல் கேலக்ஸி எஸ்24 என்று ஏழு ஆண்டு அப்டேட் வாக்குறுதியோடு போன்கள் வந்துவிட்ட பிறகு இது ரொம்பக் கம்மி. செகண்ட் ஹேண்டாக எந்த போனை வாங்கினாலும் அபௌட் போன் பகுதியில் செக்யூரிட்டி பேட்ச் தேதியைப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் அதில் பணப் பரிவர்த்தனை வேண்டாம்.

ஆக, கேட்ட நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். வாட்ஸ்அப், யூடியூப், கொஞ்சம் போட்டோ, இவ்வளவுதான் உங்கள் உலகம் என்றால் இதைவிட நல்ல போன் கிடைப்பது கஷ்டம். ஆனால் நீங்கள் அலுவலக மின்னஞ்சலுக்கு உடனே பதில் போட வேண்டிய ஆள். வாங்கியே தீருவேன் என்றால், பணம் கொடுக்கும் முன் உங்கள் மின்னஞ்சல் ஆப்பை அதில் நிறுவி, சார்ஜரைக் கழற்றி, திரையை அணைத்து ஒரு மணி நேரம் தொடாமல் வையுங்கள். பிறகு வேறொரு போனிலிருந்து ஒரு மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். மணி அடித்தால் வாங்குங்கள்.

நான் இதை மாற்றுவதாக இல்லை. பேட்டரி புதிது, ஜாக் இருக்கிறது, கைக்கும் பழகிவிட்டது. மாத்திரை நினைவூட்டலைப் போனோடு வந்த கடிகார ஆப்பிலேயே அலாரமாக வைத்துவிட்டேன். சொந்த வீட்டுப் பிள்ளை என்பதால் அதை மட்டும் இது தொடுவதில்லை.