கையில் இழுவை வேண்டும்: காரைக்குடியில் வெட்டித் தரும் கன்ட்ரோல் லைன் விமானக் கிட்

கன்ட்ரோல் லைன் விமானம், அதாவது கம்பியில் பிடித்துப் பறக்கவிடும் மாடல் விமானம், வாங்க நினைப்பவர் மோட்டாரையோ பெயின்டையோ பார்த்து முடிவு செய்யக் கூடாது. பறக்கும்போது இரண்டு கம்பியும் விறைப்பாக நிற்கிறதா என்று கேளுங்கள். அது சரியாக இருந்தால் மற்றதை நாமே சரிசெய்துகொள்ளலாம். அது இல்லையென்றால் எவ்வளவு அழகான விமானமும் சீக்கிரமே பரணுக்குப் போய்விடும். கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தபோது பைத்தியமாக இதைப் பறக்கவிட்டவன் நான். வேலை, குடும்பம் என்று முப்பது வருஷத்துக்கு மேல் தொடவில்லை. ஓய்வுக்குப் பிறகு ஊரோடு வந்து தங்கியதும் மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். காரைக்குடியில் ஒரு தம்பி செய்து தரும் கிட்டில்தான் ஆரம்பித்தேன். கம்பியை விறைப்பாக வைக்கும் இழுவை விஷயத்தில் அந்தக் கிட் தேறிவிட்டது. வேறு சில விஷயங்களில் தேறவில்லை. இரண்டையும் எழுதுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது ரிமோட் விமானம் அல்ல. வட்டத்தின் நடுவில் நாம் நிற்போம், கையில் ஒரு ஹேண்டில். அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் விமானத்தின் இடது இறக்கைக்குள் போய், பெல்கிராங்க் என்ற சின்னத் தகட்டில் சேரும். மணிக்கட்டை மேலே சாய்த்தால் பெல்கிராங்க் திரும்பும், வாலில் உள்ள எலிவேட்டர் என்ற மடல் தூக்கும், விமானம் ஏறும். கீழே சாய்த்தால் இறங்கும். அமெரிக்காவில் ஜிம் வாக்கர் என்பவர் 1940களில் இந்த முறையைப் பரவலாக்கினார். ஒரே நேரத்தில் மூன்று விமானங்களைப் பறக்கவிட்டுக் காட்டிய மனிதர் அவர். இன்றைக்கு இந்தக் கிட்டோடு வரும் பெல்கிராங்க் செய்வதும் அதே வேலைதான். இத்தனை வருஷத்தில் அதில் மாற்ற வேண்டியது எதுவும் வரவில்லை.

செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் தம்பியின் லேசர் கட்டிங் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை, கல்யாண வீட்டு அலங்காரம், கொலுவுக்குச் சின்னக் கோபுரம் இவைதான் பிழைப்பு. விமானக் கிட் ஆசைக்குச் செய்வது. பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்ணே, போன் வந்துக்கிட்டே இருக்கும். மாசத்துக்கு நாலஞ்சுக்கு மேல என்னால வெட்ட முடியாது" என்றார். அதனால் பெயர் போடவில்லை. கேட்டுப் போனால் அந்தப் பக்கத்தில் யாரும் காட்டிவிடுவார்கள்.

மரம், கம்பி, பெல்கிராங்க், சக்கரம், ஹேண்டில் எல்லாம் சேர்த்துக் கிட் 3,200 ரூபாய். மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி., குறித்த நேரத்தில் அதை ஓடவிட்டு நிறுத்தும் டைமர், பேட்டரி தனி. அவரே வாங்கியும் தருவார், நாமும் வாங்கிக்கொள்ளலாம். இறக்கை நீளம் 90 சென்டிமீட்டர். இறக்கைக்குப் பால்சா என்ற மிக லேசான மரத்தில் விலா எலும்புகள், உடலுக்கு ஒற்றைப் பால்சாப் பலகை, மூக்குப் பக்கம் இரண்டு புறமும் மெல்லிய ப்ளைவுட். பேட்டரியோடு முடித்தபோது என்னுடையது 500 கிராமுக்குப் பக்கத்தில் வந்தது.

வெட்டு சுத்தம். துண்டுக்குத் துண்டு அழுத்திப் பொருந்துகிறது. லேசர் கருக்கிய ஓரங்களை மட்டும் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள், கரி இருந்தால் பசை சரியாகப் பிடிக்காது. என்னை அசத்தியது வேறு. பால்சா பலகை பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் எடை பலகைக்குப் பலகை மாறும். தம்பி ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, எடை ஒத்துப்போகும் பலகைகளை ஜோடி சேர்த்து இரண்டு இறக்கைக்கும் பிரித்துப் போடுகிறார். பென்சிலில் கிராம் கணக்கு எழுதியிருக்கிறது. பெரிய கம்பெனிப் பெட்டிகளில்கூட இந்தக் கவனிப்பை நான் பார்த்ததில்லை.

இனி இழுவைக்கு வருகிறேன். அதற்கான ஏற்பாடு வடிவமைப்பிலேயே இருக்கிறது. இடது இறக்கை, அதாவது நம் பக்கத்து இறக்கை, வலதைவிடக் கொஞ்சம் நீளம். அந்தப் பக்கம் கம்பியின் எடையையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருப்பதால் இது தேவை. வலது இறக்கை நுனியில் ஈயம் போட ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார். வாலில் செங்குத்தாக நிற்கும் ரட்டர் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பி ஒட்டப்படுகிறது. கம்பி வெளியே வரும் இடத்தை முன்னும் பின்னும் நகர்த்தலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிர்ப்பக்கமாகச் சுழலும் ப்ரொப்பெல்லர் கொடுக்கிறார். வழக்கமான ப்ரொப்பெல்லர் சுழலும்போது அதன் எதிர்விசை விமானத்தை இடது பக்கம், நம்மை நோக்கிச் சாய்க்கும். கிளம்பும் நேரத்தில், வேகம் பிடிப்பதற்கு முன், அதுதான் ஆபத்து. மாற்றிச் சுழலவிட்டால் அதே விசை விமானத்தை வெளியே சாய்த்துக் கம்பியை இழுத்துப் பிடிக்கும். பழைய என்ஜின்களில் இதை நினைத்ததும் செய்துவிட முடியாது. மின்மோட்டாரில் இரண்டு வயரை மாற்றிச் சொருகினால் போதும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், வாங்குகிறவர்களுக்கு உதவும். வட்டத்தின் நடுவிலிருந்து விமானம் வரை 14 மீட்டர். எனக்கு ஒரு சுற்று 5 விநாடியில் வருகிறது, மணிக்கு 63 கிலோமீட்டர் வேகம். இதில் கம்பியின் இழுவை விமானத்தின் எடையைப் போல இரண்டேகால் மடங்கு. அரைக் கிலோ விமானம் கையில் ஒரு கிலோவுக்கு மேல் இழுக்கும். தலைக்கு நேர் மேலே வரும்போது அதன் எடை நம்மை நோக்கி இருப்பதால் ஒரு மடங்கு கழிந்து ஒன்றேகால் மடங்கு மிஞ்சும். அதுவே 7 விநாடிக்கு ஒரு சுற்று என்று மந்தமாகப் போனால் மொத்த இழுவையே எடைக்குக் கொஞ்சம் மேல்தான். உச்சிக்குப் போனால் கம்பி தொளதொளத்துவிடும், அப்புறம் ஹேண்டிலை எப்படி ஆட்டினாலும் விமானத்துக்குச் சேதி போகாது. ஆகவே, முதன்முதலில் பறக்கவிடுகிறவர்கள் பயந்துகொண்டு வேகத்தைக் குறைக்காதீர்கள். வேகம்தான் பாதுகாப்பு.

இந்தக் கிட் முதல் சுற்றிலேயே அந்த இழுவையைக் கொடுத்தது. பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு செம்மண் பொட்டலில், காலையில் காற்று எழும்புவதற்கு முன். முளை அடித்து, விமானத்தின் வாலை ஒரு கொக்கியில் மாட்டி, கொக்கியிலிருந்து ஒரு கயிற்றை வட்டத்தின் நடுவுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தனி ஆளாகப் பறக்கவிட இதுதான் வழி. டைமர் பொத்தானை அழுத்தினால் அரை நிமிஷம் அவகாசம். நடந்து வந்து ஹேண்டிலை எடுத்து, எலிவேட்டர் சரியாக அசைகிறதா என்று ஒரு தடவை பார்க்க அது போதும். மோட்டார் பிடித்தது. கயிற்றை இழுத்தேன். கால் சுற்றுக்குள் சக்கரம் மண்ணைவிட்டுக் கிளம்பிவிட்டது. முறுக்கேறிய கன்றுக்குட்டியைக் கயிற்றில் பிடித்திருப்பது மாதிரி தோள் வரைக்கும் ஓர் இழுப்பு. இத்தனை வருஷம் கழித்தும் மணிக்கட்டு அதை மறக்கவில்லை என்று தெரிந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

தலைசுற்றல் வரும், அதை மறைக்க வேண்டியதில்லை. கண்ணை விமானத்தில் மட்டும் வையுங்கள், பின்னால் ஓடும் தைலமரங்களைப் பார்க்காதீர்கள். ஆரம்பத்தில் டைமரை ஒன்றரை நிமிஷத்துக்கு வைத்துக்கொண்டு, பழகப் பழகக் கூட்டுங்கள். இப்போது நாலரை நிமிஷம் வரை எனக்கு எந்தச் சிரமமும் இல்லை. உள்வளையம் போடுகிறேன், தலைகீழாகப் பறக்கவிடும் துணிச்சல் இன்னும் வரவில்லை. வளையம் போடும்போது காற்று நமக்கு முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள். அப்போது காற்றே விமானத்தை வெளியே தள்ளிக் கம்பியை இறுக்கும். ஆடிக் காற்றில் மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள்.

இப்போது குறைகள். முதல் குறை, கிட்டோடு வரும் கம்பி. அது கம்பியே அல்ல, பின்னல் நூல். இழுத்தால் நீள்கிறது. நாம் மணிக்கட்டைச் சாய்த்த பிறகு நூல் நீண்டு முடிந்துதான் எலிவேட்டருக்குச் சேதி போகிறது. தரையை ஒட்டிப் பறக்கும்போது இந்தத் தாமதம் கூடவே கூடாது. மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் பல இழை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லீடர் கம்பி கிடைக்கும். அதை வாங்கிப் போட்டதும் விமானமே வேறு விமானமாகிவிட்டது. இரண்டையும் ஒரே நீளத்துக்கு அளந்து வெட்டுவதில் அவசரம் வேண்டாம்.

இரண்டாவது குறை, புஷ்ராட். பெல்கிராங்கிலிருந்து எலிவேட்டருக்குப் போகும் அந்தக் கம்பி 1.5 மி.மீ.தான். வேகத்தில் எலிவேட்டர் மேல் காற்று அழுத்தும்போது அது நடுவில் வளைகிறது. கையில் முழுசாகக் கொடுத்தாலும் எலிவேட்டருக்கு முக்கால்தான் போய்ச் சேரும். உடலின் நடுவில் ஒரு சின்ன வளையம் ஒட்டி அதன் வழியாகக் கம்பியை விட்டதும் சரியாகிவிட்டது. பத்து ரூபாய் வேலை. கிட்டிலேயே இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்குக் கோபம் தந்தது. ஹேண்டிலில் மணிக்கட்டுப் பட்டை இல்லை. உலகப் போட்டிகளில் அது கட்டாயம். கை நழுவினால் அரைக் கிலோ எடை அறுபது கிலோமீட்டர் வேகத்தில் எங்கேயாவது போகும். காட்டன் நாடாவில் தைத்து மாட்டிக்கொண்டேன். தம்பியிடம் இதைக் கண்டிப்பாகவே சொன்னேன். ஹேண்டிலின் ஓரமும் கூர்மையாக இருக்கிறது, நன்றாக உருட்டித் தேய்த்தால்தான் கை வலிக்காது.

பொட்டலுக்கு விறகு பொறுக்க வந்த ஓர் ஆச்சி நின்று பார்த்துவிட்டு, "ஏப்பா, கம்பி அறுந்துச்சுன்னா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒவ்வொரு நாளும் பறக்கவிடுவதற்கு முன் விமானத்தைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை ஸ்பிரிங் தராசில் இழுத்துப் பார்ப்பேன் என்று அவர்களுக்குக் காட்டினேன். எடையைப் போல பத்து மடங்கு, என் விமானத்துக்கு 5 கிலோ. அதைத் தாங்கினால்தான் கிளம்பும். ஆனாலும் வட்டத்துக்கு வெளியே தள்ளித்தான் நிற்கச் சொன்னேன், நின்றார்கள். மின்கம்பி போகும் இடத்தில் இதைத் தொடவே கூடாது. நம் கையில் இருப்பதும் ஸ்டீல் கம்பி, கரண்டைக் கடத்தும். முப்பது மீட்டர் அகலத்துக்கு வட்டமும், சுற்றிலும் தாராளமாக இடமும் இருந்தால் போதும். செட்டிநாட்டில் பொட்டலுக்கா பஞ்சம்?

பேட்டரியா என்ஜினா என்று பழைய ஆட்கள் கேட்பார்கள். நாங்கள் பழகியது கல்கத்தாவில் செய்த அரோரா டீசல் என்ஜினில். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் ஏறக்குறைய சமமாகக் கலந்து ஊற்றி, விரலால் ப்ரொப்பெல்லரைத் தட்டித் தட்டிக் கிளப்புவோம். அந்த வாசனைக்கு ஈடு கிடையாது. ஆனால் இன்றைக்கு ஈதருக்கு எங்கே போவது? இன்னொரு வகையான க்ளோ என்ஜினுக்கு மெத்தனால் வேண்டும், அதைத் தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வாங்க முடியாது. பேட்டரியில் அந்த அலைச்சல் இல்லை. முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஒரே வேகம். நேரம் முடியப் போகிறது என்று மோட்டார் ஒரு தடவை விக்கிக் காட்டிவிட்டுத்தான் நிற்கிறது. திரும்பி வருகிறவர்கள் என்ஜினோடு மல்லுக்கட்டாமல் முதலில் கையைப் பழக்க இதுவே நல்லது.

3எஸ், அதாவது மூன்று செல் கொண்ட, 1300 எம்.ஏ.எச். லிப்போ பேட்டரி போடுகிறேன். நாலரை நிமிஷத்துக்கு அதில் பாதிக்கு மேல் கொஞ்சம்தான் செலவாகிறது. பக்கத்து வீட்டு அண்ணன் சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய அந்த மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் ஊரில் பேட்டரிக்கு யோசனை கேட்க வெளியே போக வேண்டியதில்லை. அவர் சொன்னது: பறக்கவிடாத நாளில் முழுச் சார்ஜோடு வைக்காதீர்கள், ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள், சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

செய்முறைத் தாள் ஆங்கிலத்தில் ஒரே பக்கம். எடை மையத்தைக் குறிக்கும் கோடு மட்டும் இறக்கையிலேயே சரியாகப் போடப்பட்டிருக்கிறது. புதியவர்கள் அதைவிடக் கொஞ்சம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், விமானம் நிதானமாக இருக்கும். எலிவேட்டர் கொம்பில் வெளி ஓட்டையில் புஷ்ராடை மாட்டுங்கள். கை பழகியதும் ஓட்டையை மாற்றிக்கொள்ளலாம்.

வாங்கலாமா? முன்பு பறக்கவிட்டுப் பழகியவர்கள் தயங்காமல் வாங்கலாம். கம்பிக்கும் பட்டைக்கும் இன்னும் முந்நூறு, நானூறு ரூபாய் ஒதுக்கிக்கொள்ளுங்கள். முற்றிலும் புதியவர்கள் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் மட்டும் வாங்குங்கள். பத்து வயதுப் பையனுக்குப் பிறந்தநாள் பரிசாகத் தனியாகக் கொடுக்கும் பொருள் இல்லை இது.

இறக்கையில் ஃப்ளாப் என்ற அசையும் மடல் வைத்த பெரிய மாடல் ஒன்றைத் தம்பி வரைந்துகொண்டிருக்கிறார். வளையம், எட்டு வடிவம் எல்லாம் போட அதுதான் தோது. முதல் கிட் எனக்கு என்று முன்பணம் கொடுத்துவிட்டேன். புஷ்ராட் 2.5 மி.மீ., ஸ்டீல் கம்பி, பட்டை வைத்த ஹேண்டில் மூன்றும் பெட்டிக்குள்ளேயே வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். "சரிண்ணே, விலை இருநூறு கூடும்" என்றார். கூடட்டும்.